மூன்றாம் மிதி

பல் கட்டும் கூடத்தில் அவளுக்கு இருபத்தெட்டு ஆண்டு வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல் வரிசை அமைத்து, முழு செட்டாக முடித்துத் திருப்பி அனுப்புவது அவளுடைய தொழில். அதனால் தெரிந்தவர்கள் எல்லாரும் அவளைப் பல்லக்கா என்றே அழைத்தார்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவாள்.

புதிதாக அந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் தவறாமல் ஒரு பிழை செய்வார்கள். முத்துக் கோத்ததுபோல் ஒழுங்கான வரிசையை அமைத்து, பெருமையோடு அவள் மேசையில் வைப்பார்கள். அவள் அதை அச்சில் பொருத்தி, நடுவே நீலத்தாள் செருகிக் கடிக்க வைத்து, நீலம் ஒட்டி, இடிக்கிறது என்று காட்டிய இடத்தையெல்லாம் இரக்கமில்லாமல் ராவுவாள்.

"சரியான பல்லு கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் சரியா இருக்கும். வாய் கோணலா இருந்தா பல்லும் கோணலாத்தான் போகணும். இல்லைன்னா அந்த மனுசன் கழட்டி டம்ளர்ல போட்டதோட சரி, திரும்ப எடுக்க மாட்டாரு."

இந்த ஒரு கொள்கையைத்தான் அவள் தன் வாழ்வில் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தாள். அது அவளை ஒருமுறை கைவிட்டது. அந்தக் கதையே இது.

அவளிடம் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் இருந்தது. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதானால், நான்கு கால்களில் நிற்கும் ஒடுங்கிய மேசை போன்றது அது. மேலே பத்துக் கம்பிகள். வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையில் ஓர் எஃகு உருளையைக் கம்பிகளின் மேல் நகர்த்தி, வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்ட வேண்டும். அடியில் மிதிகள் உண்டு. ஒரு மிதியை அழுத்தினால் உள்ளே ஒரு கோல் இழுபட்டு, குறிப்பிட்ட ஒரு கம்பி மட்டும் தன் சுருதியிலிருந்து மேலேறும். எவ்வளவு ஏறி எங்கே நிற்க வேண்டும் என்பதை மேசையின் வலது ஓரத்தில் இருக்கும் சிறு நைலான் திருகு தீர்மானிக்கும். வலக்கால் வேறொரு மிதியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். மொத்தத்தில் கை கால் நான்கும் நான்கு வேலை செய்யும் கருவி.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, பேருந்து ஊழியர் மன்றத்தின் இசைக்குழுவுக்கு அவள் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஒலிவாங்கி அருகில் நின்றிருந்த பாடகர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்னங்க இது, இஸ்திரி மேசையா?"

"ஆமாங்க. உங்க பாட்டுல ஆங்காங்க சுருக்கம் இருக்குன்னு சொன்னாங்க. நீவி விடலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது அவர் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் சொன்னால், வண்டி ஏறாதவர்கள்கூட நின்று கேட்பார்கள். அப்படியொரு குரல். அடுத்த ஆண்டு அவர்களுக்குத் திருமணம் ஆயிற்று.

குழுவின் பெயர்பெற்ற உருப்படி ஒரு பழைய காதல் பாட்டு. பிரிந்துபோனவளின் வீட்டில் ஒருவன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வருவதுதான் பொருள். எல்லாரும் அதை ஜன்னல் பாட்டு என்றே சொன்னார்கள். கடைசி ஜன்னலுக்கு வரும்போது ராகம் திடீரென்று மேலே தாவும். அந்த உச்சத்தில் அவர் ஒவ்வொரு முறையும் சுருதியில் மயிரிழை தாழ்ந்து நின்றார்.

ஒரு மயிரிழைதான். பாடும்போது அவருக்கு அது தெரியவில்லை. பல்லக்காவுக்கு முதல் நாளே தெரிந்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், அவர் அங்கே போகும்போது தன் இடக்கை உருளையையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்து, அவர் குரலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். பாஸ் கிட்டார் மட்டும் சரியான இடத்தில் நின்று காட்டிக்கொடுத்தது. அதனால் அந்த இடத்தில் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். தாளக்காரன் குச்சியைத் தூக்கிப் பிடித்து நிற்பான், பாஸ் நின்றுவிடும். குரலும் அவளுடைய கம்பியும் மட்டும் நான்கு மாத்திரை தனியே தொங்கும். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

அந்த நிறுத்தத்துக்கு மன்றமே மயங்கிக் கிடந்தது. ஆண்டுதோறும் அந்த இடத்துக்காகவே காத்திருந்து கைதட்டினார்கள். அவரும் அந்த நான்கு மாத்திரைக்கு முகத்தை உயர்த்தி, ஒரு கையைக் கூரையை நோக்கி நீட்டுவார்.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வலைத்துணி. பேச உதவும் என்று ஓர் இயந்திரம் கொடுத்தார்கள். அதைத் தாடையின் அடியில் வைத்து ஒரே ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தார், பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு கையகல வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்: "பஸ் ஸ்டாண்டு மைக்கே தேவலை."

அன்றிலிருந்து அந்தப் பலகையே அவர் வாய். அவர் எழுதுவார், பல்லக்கா படிப்பாள், அடுத்ததை எழுத இடம் வேண்டுமே என்று உடனே துணியால் துடைப்பாள். ஒரு வருடத்தில் அது கைப்பழக்கம் ஆகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு நோய் நுரையீரலுக்கு வந்தது. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "நாலு மாசம். அஞ்சுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் பலகையைக் கேட்டு வாங்கினார். "ஆண்டு விழால ஜன்னல் பாட்டு. நீ மட்டும் வாசி. நான் பாடுற மாதிரி."

விழாவுக்குப் பத்து வாரம் இருந்தது. அவள் பழைய ஒலிநாடா ஒன்றைத் தேடி எடுத்து, பத்துக் கோடு போட்ட குறிப்பேட்டில் பாட்டைப் பிரித்து எழுதத் தொடங்கினாள். எந்தக் கம்பி, உருளையை நிறுத்த எந்தக் கட்டம், எந்த மிதி என்று ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று குறிப்பு. ராகத்தை எழுதுவது கடினமாக இல்லை. சொற்களை எழுதுவதுதான் கடினம், ஏனென்றால் கம்பிக்கு எழுத்து உச்சரிக்கத் தெரியாது. வல்லினம் வரும் இடங்களில் நகத்தைக் கம்பியில் வெடுக்கென்று படவிட்டாள். மெல்லினம் வந்தால் ஓசையை அடக்கி மீட்டி, வலக்கால் மிதியால் மெதுவாகத் திறந்தாள். அவர் மூச்சு வாங்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்து, அங்கெல்லாம் உருளையைத் தூக்கினாள். உச்சத்தை நான்காம் கம்பியில் வைத்தாள். மூன்றாம் மிதி அதை மேலே ஏற்றும். அந்தப் பாட்டில் வேறெங்கும் அவள் மூன்றாம் மிதியைத் தொடவில்லை.

அவர்களோடு இருந்த நாத்தனார் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏன்டி, அந்த ஒரே வரியை எத்தனை வாட்டி அழ வைப்ப? எனக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னே மறந்துபோகுது."

"போட்டுட்டீங்க அக்கா. ரெண்டு தரம்."

ஆறாம் வாரம் அவள் அவருக்கு முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூடத்தில் மெழுகைச் சீவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த உச்சம் அவள் காதில் உறுத்தியது. அது சுத்தமாக, பளிச்சென்று, பிசிறில்லாமல் இருந்தது. அதில் அவர் இல்லை. யார் வாயிலும் பொருந்தாத பல்வரிசைபோல அது தனியே அழகாக இருந்தது. 'நான் பாடுற மாதிரி' என்றுதானே கேட்டார் என்று அவள் எண்ணினாள்.

கையைப் பின்னுக்கு இழுத்தால், கூட ஒலிக்கும் மற்றக் கம்பிகளும் சேர்ந்து இறங்கும். குழுவில் அது பரவாயில்லை, தனியாக வாசிக்கும்போது ஆகாது. ஆகவே அவள் சிறிய சாவியை எடுத்து, நான்காம் கம்பியின் நைலான் திருகை ஒரு கால் சுற்று தளர்த்தினாள். சுருதி காட்டும் டியூனரைப் பார்த்து இன்னும் ஓர் இழை. ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டாள், மிதியை அழுத்திக் கேட்டாள், மீண்டும் ஓர் இழை திருப்பினாள். மூன்று நாள் மாலை இந்த வேலை நடந்தது. மூன்றாம் நாள் மிதியை அழுத்தியபோது அறைக்குள் அவர் பாடினார்.

"என்னங்க, இங்க வாங்க. இதக் கேளுங்க."

அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். சுருதி சேர்த்தபின் டியூனரை அணைத்துவிடுவது அவள் வழக்கம். அன்று அவசரத்தில் அது கருவியின் ஓரத்தில் எரிந்தபடியே இருந்தது. அவள் வாசித்தாள். உச்சத்தில் நான்கு மாத்திரை கம்பி தொங்கியது. அவர் முகம் முதலில் மலர்ந்தது. அப்புறம் கண் டியூனரின் முள்ளுக்குப் போனது. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கருவிக்குக் கால் பூட்டி, மிதி பூட்டி, தூக்கிச் சுமந்தவர் அவர். முள் இடப்பக்கம் நின்றால் சுருதி தாழ்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"முள்ளு நடுவுக்கு வரலியே," என்று எழுதினார்.

"தெரியும்ங்க."

"வேணும்னே வச்சியா?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் இருந்தது. "ஆமாங்க. உங்க மாதிரி வரணும்னு."

அவர் குனிந்து மூன்றாம் மிதியைப் பார்த்தார். பிறகு, "நான் இப்படியா பாடினேன்?"

"கொஞ்சம்தாங்க. அந்த ஒரு இடத்துல மட்டும். யாருக்கும் தெரியாது."

"எத்தனை வருசமா?"

அவள் டியூனரை அணைத்தாள். அவர் மூன்று சொல் எழுதினார்: "அதுக்குத்தான் அந்த நிறுத்தமா?"

அவள் பலகையைத் துடைத்தாள்.

மறுநாள் தாளக்காரனை வரவழைத்தார். டமாரம் என்று பட்டப்பெயர் பெற்ற அந்த மனிதன் முப்பது ஆண்டு நண்பன். நிறுத்தத்தைப் பற்றி அவர் எழுதிக் கேட்டதும் கையை உதறினான்.

"அட, அதெல்லாம் ஒரு விசயமாப்பா? யாருக்குமே தெரியாது. எனக்கும் பல்லக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்புறம் அந்த பாஸ் வாசிக்கறவன்… அவன் ஊரை விட்டே போயிட்டான், அவனை விடு."

"அப்ப மூணு பேரு," என்று அவர் எழுதிக் காட்டினார்.

"குச்சியைத் தூக்கிட்டு நில்லுன்னு சொன்னாங்க, நின்னேன். நீ பாடி நான் கேட்டது சத்தியமா நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குச் சுருதியைப் பத்தி என்ன தெரியும்? நான் தோலைத் தட்டிப் பொழைக்கறவன்."

டமாரம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அதன்பிறகு பதினேழு நாள் அவர் எழுதவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டார், கஞ்சியைக் குடித்தார், கேட்டால் தலையசைத்தார். பலகை தலையணைக்கு அடியில் கிடந்தது.

"என்னடி சொன்ன அவன்கிட்ட?" என்று நாத்தனார் பாத்திரத்தைத் துலக்கியபடி கேட்டாள். "பேச்சே இல்லாதவன் கோவிச்சுக்கிட்டா நமக்கு எப்படித் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். நல்லாவே தெரியுதே. வீடு அப்படியே இறுகிப் போய்க் கிடக்கு."

"உண்மையைச் சொல்லிட்டேன் அக்கா."

"இருபத்தாறு வருசம் சொல்லாம இருந்தவளுக்கு இப்ப என்ன அவசரம்? இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்க முடியலியா உனக்கு?"

அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் குரலின் நினைவு ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே ராவிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. வேலையில் ராவியதை மெழுகு வைத்துச் சரிக்கட்டிவிடலாம். இதற்கு எதை வைப்பது?

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் அருகே போய் நின்றாள். "திருகை எப்படி வைக்கட்டும்? நீங்க சொல்றபடி வைக்கறேன். வேணாம்னா வாசிக்கவே இல்லை."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் சாவியைப் பெட்டியில் போட்டு மூடினாள். திருகு தளர்ந்தபடியே இருந்தது.

விழா ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு. வாசிக்க வரவில்லை என்று மன்றத்துக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் இருந்தபோது, அவர் எழுந்து உட்கார்ந்து, சட்டைக்காகக் கையை நீட்டினார். நாத்தனார் பொத்தான் போட்டுவிட்டாள். சட்டைக்குள் இன்னொருவர் நுழையலாம்போல் இருந்தது.

மேடையில் டமாரம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். பழைய வழக்கப்படி அவரே தரையில் உட்கார்ந்து, நான்கு கால்களையும் பூட்டி, மிதிகளின் கோல்களைக் கோத்தார். ஒவ்வொரு கோலுக்கும் இடையே மூச்சு வாங்கினார், கழுத்துத் துணி உள்வாங்கிப் புடைத்தது. டமாரம் உதவப்போனபோது முழங்கையால் தள்ளிவிட்டார். நிகழ்ச்சி வரிசை பேசுவதற்காகச் செயலாளர் பல்லக்காவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவள் திரும்பி வந்தபோது கருவி நிமிர்ந்து நின்றது. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தச் சிறு சாவி. கால் ஏதோ ஆடியிருக்கும், முடுக்கியிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

அவள் ஜன்னல் பாட்டைத் தொடங்கினாள். முதல் வரியிலேயே கூட்டம் கண்டுகொண்டு முணுமுணுத்து அடங்கியது. வல்லினமும் மெல்லினமும் எழுதியபடியே வந்தன. மூச்சு வாங்கும் இடங்களில் உருளை எழுந்து அமர்ந்தது. கடைசி ஜன்னல் வந்தது. அவள் மூன்றாம் மிதியை அழுத்தினாள்.

கம்பி ஏறியது. அவள் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் தாண்டி ஏறி, தன் சரியான இடத்தில் போய் நின்றது.

அவர் திருகை முடுக்கியிருந்தார்.

அவளுடைய இடக்கை, இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில், தானாகவே பின்னால் நகரப் பார்த்தது. அந்தக் கணத்தில் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, ஒரு கையைக் கூரையை நோக்கி நீட்டியிருந்தார். கழுத்துத் துணி அசையவில்லை, மூச்சைப் பிடித்திருந்தார். அவள் கையை நிறுத்தினாள். நான்கு மாத்திரை முழுவதும் உருளையை அசையவிடவில்லை.

கைதட்டல் நின்றதும் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அப்படியே அண்ணன் பாடுன மாதிரியே இருந்துச்சும்மா! ஒரு எழுத்து மாறல!" அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். டமாரம் மட்டும் குனிந்து கருவியின் காலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும் காரில், பதினேழு நாளுக்குப் பிறகு, அவர் சட்டைக்குள்ளிருந்து பலகையை எடுத்தார். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணிப்போயிருந்தது. "எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு. எல்லா வருசமும்."

அவள் படித்தாள். படித்த கையோடு துணி தானாகப் போய்ப் பலகையைத் துடைத்தது. துடைத்தபின்தான் என்ன செய்தோம் என்று தெரிந்து, "ஐயோ, இன்னொரு தரம் எழுதுங்க," என்றாள். அவர் பேனாவின் மூடியை மாட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கார்க் கண்ணாடியில் தலையைச் சாய்த்தார்.

ஏழு வாரம் கழித்து அவர் இறந்தார். இடையில் அவர் பலகையில் எழுதியவை தண்ணீர், ஊசி, விளக்கை அணை என்பவை மட்டுமே. கோபம் தீர்ந்ததா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவள் இன்னும் கூடத்துக்குப் போகிறாள், ராவுகிறாள். வீட்டில் கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நாத்தனார்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "எடுத்து வாசியேன்டி. அழுதாலும் பரவாயில்லை. நான் உப்பைச் சரியாப் போட்டே நாலு மாசமாச்சு, சாப்பாடு ருசிக்கவே இல்லை."

அவள் கால் பூட்டி, கோல் கோத்து, உட்கார்ந்தாள். திருகு அவர் முடுக்கிய இடத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை. டியூனரை எரியவிட்டு, ஜன்னல் பாட்டின் கடைசிப் பகுதிக்குப் போய், மூன்றாம் மிதியை அழுத்தினாள். இடக்கை மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. முள் இடப்பக்கம் சாய்ந்தது.

கையைச் சரியான கட்டத்தில் வைத்து மறுபடி வாசித்தாள். மறுபடியும் அது நகர்ந்தது. அடுத்த மாலையும் அப்படியே. இப்போது அவள் தினமும் வேலையிலிருந்து வந்ததும் அந்த ஒரு வரியை முப்பது நாற்பது முறை வாசிக்கிறாள். உருளையை இறுகப் பிடிக்கிறாள், கட்டத்தை உற்றுப் பார்க்கிறாள், நான்கு மாத்திரை எண்ணுகிறாள். அவர் காதில் கேட்ட அந்த இடத்தில் கை இன்னும் நிற்கவில்லை.